மழை, புயல், தீ: செட்டிநாட்டுச் சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் கடையும் பட்டறையும் நடத்துபவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். புரட்டாசி முடிந்து மழை மேகம் கூடும்போது ஒரே மாதிரியான கேள்விகள் வரும். பலரும் கேட்டவற்றை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

நம்ம பக்கம் வறண்ட பூமி. இங்கே என்ன பேரிடர் வந்துவிடப் போகிறது?

இந்த நினைப்புதான் எனக்குப் பெரிய கவலை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. கடந்ததும் ஓய்ந்துவிடவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே திண்டுக்கல் வரை போனது. புதுக்கோட்டையில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடலுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.

புயலைவிட அடிக்கடி வருவது வேறு. மின்கசிவால் தீ, எண்ணெய்ச் சட்டியில் தீ, இடி மின்னல், கோடை மழையில் பறக்கும் தகரக் கூரை, கண்மாய் நிறைந்து தெருவுக்குள் வரும் தண்ணீர். இவை செய்தித்தாளில் வராது. ஆனால் ஒரு கடையை மூட இவற்றில் ஒன்று போதும்.

நிறையச் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

உங்கள் தொழிலின் கணக்கும் காகிதமும் கடைக்கு வெளியே இன்னோர் இடத்தில் இருக்கும்படி செய்யுங்கள். மணல் மூட்டையையும் தீயணைப்பானையும் அதற்குப் பிறகுதான் சொல்வேன். தீயோ தண்ணீரோ சரக்கை அழித்தால் அதற்கு ஈடு கேட்கலாம், கடன் வாங்கலாம். என்ன சரக்கு இருந்தது, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்து அழிந்துவிட்டால், எதை வைத்துக் கேட்பது?

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பர்மா, மலாயா, இலங்கையில் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கிருந்த ஏஜெண்டுகளிடமிருந்து கணக்கை ஊருக்கு வரவழைத்துக்கொண்டே இருந்தார்கள். பணம் கடல் தாண்டி இருந்தாலும் அதன் கணக்கு இங்கே வளவு (நடு முற்றம்) உள்ள வீட்டில் இருந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது கணக்கு இருந்தும் பணத்தையும் நிலத்தையும் பெரும்பாலும் மீட்க முடியவில்லை என்பதும் உண்மை. முதலையெல்லாம் ஒரே இடத்தில் போடக்கூடாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இன்றைக்கும், தீபாவளிச் சரக்கு மொத்தத்தையும் ஒரே குடோனில் அடுக்குபவர்களிடம் பாதியை வேறு இடத்தில் வையுங்கள் என்று சொல்கிறேன். அப்படி வைக்கும்போது அந்த இரண்டாவது முகவரியையும் காப்பீட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

சரி, எந்தக் காகிதங்களை எடுத்து வைக்க வேண்டும்?

கடை வாடகை ஒப்பந்தம் அல்லது பத்திரம், ஜிஎஸ்டி சான்று, உத்யம் (சிறுதொழில்) பதிவு, உணவுத் தொழில் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், காப்பீட்டுப் பத்திரம், கடன் கணக்கு விவரம், ஆதார், பான், வேலையாட்களின் விவரம். இவற்றையெல்லாம் செல்போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். உத்யம் பதிவு இல்லாதவர்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பதியலாம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம் இருப்புக் கணக்கு. மாதம் ஒரு முறை கடையையும் குடோனையும் அலமாரி அலமாரியாகச் செல்போனில் வீடியோ எடுங்கள். பேசிக்கொண்டே எடுங்கள்: "இது அரிசி மாவு, முப்பது மூட்டை." கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு முறை பேக்கப் எடுத்து, அந்தப் பென்டிரைவை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் மேசை இழுப்பறையில் வைத்தால் இரண்டும் ஒன்றாகவே எரியும்.

பற்று நோட்டு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்கள் அதையும் படம் எடுக்க வேண்டும். ஊர் முழுக்கக் கடன் கொடுத்திருப்பீர்கள், நோட்டு நனைந்து மை கரைந்துவிட்டால் அந்தப் பணமும் போய்விடும். சரக்குப் போடுபவர்கள், வெளியூர் வாடிக்கையாளர்கள் ஆகியோரின் எண்களை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். செல்போன் சார்ஜ் இறங்கிவிட்டால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

வானிலை எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு வந்தால் அன்றே சரக்கைத் தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள். சிவப்பு வந்தால் கடையைச் சாத்திவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள். தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலியில் உங்கள் ஊருக்கான எச்சரிக்கை தமிழிலேயே வரும். மின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. திறந்த வெளியில் வேலை நடக்கும் டைல் பட்டறைகளுக்கு அது உதவும்.

எங்கள் கடை கண்மாய்க்கு அருகில் இருக்கிறது. தண்ணீர் வருமா?

உங்கள் தெருவின் வயதானவர்களைக் கேளுங்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் எந்த வரத்துக்கால் மேல் இப்போது கட்டடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பழைய செட்டிநாட்டு வீடுகளைத் தெருவைவிட நன்றாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் விழும் மழை வடிகால் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போகும்படி ஊரையே அமைத்தார்கள். அந்த வடிகால்கள் பல இடங்களில் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன. புதிதாகக் கட்டிய கடைகளின் தரை தெருமட்டத்துக்கே இருக்கிறது.

மழைக்கு முன் கடைக்கு முன்னால் உள்ள வாய்க்காலைத் தெருக்காரர்கள் சேர்ந்து தூர்வாருங்கள், நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்து மூலம் மனுவும் கொடுங்கள். கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் டப்பா சரக்கு, மேல்தட்டில் மாவு, துணி, காகிதம் என்று மாற்றி அடுக்குங்கள். மின் இணைப்புப் பெட்டி தரைக்கு அருகில் இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள்.

பலகாரத் தொழில் செய்கிறோம். எங்களுக்கு எது ஆபத்து?

எண்ணெய்தான். தீபாவளி நேரத்தில் முறுக்கு, தேன்குழல், சீடை, மாவுருண்டை என்று இரவு பகலாக அடுப்பு எரியும். ஆட்கள் தூக்கம் இல்லாமல் நிற்பார்கள். அப்போதுதான் சட்டி தீப்பிடிக்கும்.

தீப்பிடித்த எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சட்டிக்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசிவிடும். கேஸை அணையுங்கள், சட்டியைவிடப் பெரிய மூடியை மெதுவாகச் சரித்து மூடுங்கள், மூடியை உடனே திறந்து பார்க்காதீர்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். ஒவ்வொரு அடுப்புக்குப் பக்கத்திலும் மூடி தொங்க வேண்டும், அது பாத்திரம் கழுவும் இடத்தில் கிடந்தால் பயனில்லை. சாதாரணக் கடைக்கு ஏபிசி பவுடர் தீயணைப்பான் போதும். பெரிய சட்டி வைத்துப் பொரிக்கும் இடத்துக்குச் சமையல் எண்ணெய்த் தீக்கென்றே இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

சிலிண்டர்களை அடுப்பு இருக்கும் அறைக்கு வெளியே, நிற்கும் நிலையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் இரவில் தணலை முழுவதும் அணைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

வெள்ளத் தண்ணீர் பட்ட மாவையோ பலகாரத்தையோ காயவைத்து விற்காதீர்கள். அதில் சாக்கடையும் கலந்திருக்கும். படம் எடுத்துவிட்டு, காப்பீட்டு ஆள் பார்த்த பிறகு அழித்துவிடுங்கள்.

டைல் பட்டறைக்கும் தறிக்கும் தனியாக ஏதாவது உண்டா?

ஆத்தங்குடி டைலுக்கு மணல், சிமெண்ட், வண்ணப்பொடி, கண்ணாடி ஆகியவைதான் மூலதனம். சிமெண்ட் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் சுவர் ஈரத்திலேயே கட்டியாகிவிடும். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். கண்ணாடிகளைச் சாய்த்து வைக்காமல் பெட்டியில் நிற்க வைத்துக் கட்டுங்கள். தகரக் கூரையின் போல்டுகளைப் புரட்டாசியிலேயே ஆள் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். பறந்து போகும் தகரம் பக்கத்துத் தெருவில் ஆளை வெட்டிவிடும்.

கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் தறி மேல் இருக்கும் பாவு நனைந்தால் அந்தப் பெயர் காப்பாற்றாது. குழித்தறி வைத்திருப்பவர்கள் குழிக்குள் தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் கரை எடுக்க வேண்டும். நூலையும் சாயப்பொடியையும் பரணில் வைக்கலாம். இயற்கைப் பேரிடரில் கைவினைஞர்களும் நெசவாளர்களும் கருவியையும் மூலப்பொருளையும் இழந்தால் அரசு நிவாரண விதிகளில் அவர்களுக்கென்று ஒரு சிறு தொகை உண்டு. அதைக் கேட்கக் கைவினைஞர் அல்லது நெசவாளர் அடையாள அட்டை வேண்டும். கைவசம் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள்.

காப்பீடு எடுத்திருக்கிறேன். பணம் வருமா?

இதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கடன் வாங்கும்போது வங்கியே ஒரு பாலிசி போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

முதலில் முகவரி. கடை ஓர் இடம், குடோன் வேறு இடம் என்றால் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தில் எரிந்த சரக்குக்குப் பணம் கேட்டால் மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

அடுத்தது தொகை. உங்கள் சரக்கின் மதிப்பு 20 லட்சம், பாலிசி 10 லட்சத்துக்குத்தான் என்று வையுங்கள். 4 லட்சம் நஷ்டம் வந்தால் 4 லட்சம் கிடைக்காது, பாதியான 2 லட்சம்தான் கிடைக்கும். பாதிக்குத்தானே காப்பீடு எடுத்தீர்கள் என்பார்கள். நம் பக்கத்தில் தீபாவளிச் சரக்கும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருகின்றன. அதனால் சித்திரை மாத இருப்பை வைத்துத் தொகை சொல்லாதீர்கள், ஐப்பசி மாத இருப்பைச் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் 5 கோடிக்குள் இருந்தால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கிடைக்கிறது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் ஒரே பாலிசியில் வருகின்றன. இவற்றில் ஒன்று நடந்து ஏழு நாளுக்குள் திருட்டுப் போனாலும் சேரும். மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் மேலே சொன்ன வெட்டு கிடையாது.

சேராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்கசிவில் ஒரு மோட்டார் தானாகக் கருகினால் அந்த மோட்டாருக்குப் பணம் வராது, அதிலிருந்து பரவிய தீ அழித்தவற்றுக்கு வரும். பூட்டை உடைக்கும் சாதாரணத் திருட்டுக்கும் கல்லாப் பணத்துக்கும் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். குடோனை ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிப் போடப் போகிறீர்கள் என்றால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பில்லே இல்லாத பொருள்களுக்கு எப்படிக் காப்பீடு?

கடினம்தான், ஆனால் வழி இருக்கிறது. நூறு வருடத் தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் நீங்கள் சொல்லும் விலையைச் சும்மா ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் எண் போட்டு, படம் எடுத்து, அளவு, வாங்கிய தேதி, கொடுத்த பணம், விற்றவரின் கையெழுத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். விலை அதிகமான பொருள்களுக்கு மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி, அந்தப் பட்டியலைப் பாலிசியோடு இணைக்கச் சொல்லுங்கள். பழம்பொருள் என்று குறிப்பிடாமல் 'மரச்சாமான்' என்று பொதுவாக எழுதினால் சாதாரண நாற்காலியின் விலைதான் வரும்.

பழைய வீட்டின் முகப்பை வாடகைக்கு எடுத்துக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பங்காளிகள் நிறையப் பேர். கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது?

செட்டிநாட்டில் மட்டும் இவ்வளவு சிக்கலாக இருக்கும் கேள்வி இது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் போனே எடுக்க மாட்டார். ஓடு மாற்ற ஒருவர் சரி என்றால் இன்னொருவர் தடுப்பார். வாடகை வாங்குபவர் எல்லாப் பங்காளிகளின் சார்பாக அவசரப் பழுதுபார்க்க ஒப்புதல் தந்ததாக ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். குறிப்பிட்ட தொகை வரை நீங்களே பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கட்டடத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டியது உரிமையாளர்கள். அவர்கள் எடுக்கவில்லை என்பதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் உங்கள் சரக்கு, அலமாரி, இயந்திரங்களுக்கு வாடகைதாரராகவே எடுக்கலாம். பழைய வயரிங்கை மாற்றாமல் ஏசி மாட்டாதீர்கள்.

வீட்டை விடுதியாக நடத்துகிறோம். விருந்தினர் பாதுகாப்புக்கு?

நம் வீடுகள் முகப்பில் தொடங்கி வளவு தாண்டி அடுத்த தெருவில் பின்கட்டில் முடியும். இரண்டு பக்கமும் வழி இருப்பது பெரிய வசதி. ஆனால் பின்கதவு பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. விருந்தினர் தங்கும் நாள்களில் அது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். இரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டுங்கள். வடமாநிலத்தவர் என்றால் கூட்டிப்போய்ச் செய்து காட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது.

மின்சாரம் பல நாள் வராவிட்டால்?

யுபிஐ, ஏடிஎம், செல்போன் டவர் எல்லாம் மின்சாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு வாரச் சம்பளத்துக்கும் சரக்குக்குமான தொகையைச் சில்லறையாக வீட்டில் வையுங்கள். ஜெனரேட்டரை மூடிய அறையிலோ வளவிலோ ஓட்டாதீர்கள், அதன் புகையில் வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டு. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் தொடாமல் அங்கே சொல்லுங்கள்.

நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

உயிர். தீ என்றால் 101, பொதுவாக 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. தண்ணீர் நிற்கும் கடைக்குள் மெயினை அணைக்காமல் கால் வைக்காதீர்கள். மெயினை எட்டவே தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு வெளியிலேயே நில்லுங்கள்.

அப்புறம், எதையும் அள்ளிக் கொட்டுவதற்கு முன் படம் எடுங்கள். சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் தெரியும்படி எடுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, மின்னஞ்சலும் அனுப்பி, கோரிக்கை எண் வாங்குங்கள். மீதிச் சரக்கு மேலும் கெடாமல் காப்பது உங்கள் கடமை, அதற்கு ஆன செலவின் பில்லை வையுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை, வெள்ளம் என்றால் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரின் சான்று உதவும்.

அழிந்த சரக்குக்கு ஜிஎஸ்டியில் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம், பலருக்கு இது தெரியாது. அழிந்த, திருடு போன சரக்குக்கு நீங்கள் எடுத்திருந்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிப் பின்பு கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. எனவே அந்த வரியும் உங்கள் நஷ்டம்தான். காப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும்போதே வரியோடு சேர்த்த விலையைக் கணக்கில் எடுங்கள், கோரிக்கையிலும் காட்டுங்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியே எடுப்பதில்லை என்பதால் அவர்களுக்கு இந்தப் பேச்சு இல்லை.

திரும்பக் கடை திறக்கப் பணம்?

தண்டல்காரரிடம் போகாதீர்கள். நாள் வட்டிக்கு வாங்கிய பணம் கடையைத் திறக்க வைத்து, மூன்று மாதத்தில் மறுபடி மூட வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். தவணை தவறும் முன்பே வங்கி மேலாளரிடம் எழுத்தில் நிலைமையைச் சொல்லுங்கள். இயற்கைப் பேரிடர் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் கடனைத் திருத்தி அமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் தந்திருக்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். உடனே வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கி நகைக்கடன் மேல்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டால்?

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே புகார் செய்யலாம், 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். போகும்போது பாலிசி, மறுப்புக் கடிதம், நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், படங்கள், மழைக்கு முந்தைய மாதத்து இருப்பு வீடியோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.